எந்த யூராலஜிஸ்ட்? ஜி.ஹெச்., உள்ளூர் நிபுணர், கார்ப்பரேட், வேலூர்: ஓர் ஒப்பீடு

"அப்பாவுக்கு எழுபது வயசு. நேற்று ராத்திரி மூத்திரம் அடைத்துக்கொண்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ப்ராஸ்டேட் வீக்கமாம், ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்கிறார்கள். உள்ளூரிலேயே பார்க்கலாமா, மதுரைக்குப் போகவா, இல்லை ஒரேயடியாக வேலூருக்கே கூட்டிக்கொண்டு போய்விடவா?"

வாசகர்கள் அதிகம் கேட்பது இதுதான். அதற்கு அடுத்தது கல். "8 மி.மீ. கல் இருக்கு. ஒருத்தர் உடனே லேசர் என்கிறார், இன்னொருத்தர் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்கிறார். யாரை நம்புவது?"

இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஊரில் இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, உள்ளூரிலோ பக்கத்து மாவட்டத் தலைநகரிலோ இருக்கும் யூராலஜிஸ்ட், பெருநகரத்துக் கார்ப்பரேட் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற மிஷன் மருத்துவமனை. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கல்லுக்கும் சாதாரண ப்ராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்துக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருக்கும் நல்ல யூராலஜிஸ்ட்தான் சரி. புற்றுநோய், ஏற்கெனவே தோற்றுப்போன ஆபரேஷன், பிறவிக் குறைபாடு என்றால் தூரம் போகத்தான் வேண்டும்.

## போக வேண்டியது யூராலஜிஸ்ட்டிடம்தானா?

போர்டில் "சிறுநீரக நிபுணர்" என்று இருந்தால் மட்டும் போதாது. கிட்னி வேலை செய்வது குறைவது, கிரியேட்டினின் ஏறுவது, டயாலிசிஸ் எல்லாம் நெஃப்ராலஜிஸ்ட் பார்ப்பது, அவர் எம்.டி. முடித்து டி.எம். படித்தவர், கத்தி எடுக்க மாட்டார். கல், ப்ராஸ்டேட், மூத்திரக்குழாய் அடைப்பு, மூத்திரப்பையில் கட்டி, விதைப்பைப் பிரச்சினை இவை யூராலஜிஸ்ட்டுக்கு. அவர் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்து, அதன் மேல் எம்.சி.எச். யூராலஜியோ, டி.என்.பி. அல்லது டி.ஆர்.என்.பி. யூராலஜியோ முடித்திருப்பார்.

சிறிய ஊர்களில் பொது அறுவை நிபுணரே கல்லையும் ப்ராஸ்டேட்டையும் பார்ப்பதுண்டு. அவசரத்துக்கு டியூப் போட அவர் போதும். ஆனால் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு மேலே சொன்ன பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண்ணை வைத்துத் தேடினால் எந்தப் பட்டம் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். மருந்துச் சீட்டிலேயே பதிவு எண் அச்சாகியிருக்கும்.

பெண்களுக்கு: இருமினால், தும்மினால் மூத்திரம் கசிவது, அடிக்கடி நீர்க்கடுப்பு வருவது இரண்டுக்கும் யூராலஜிஸ்ட்டிடம் போகலாம். ஆண்கள் பார்க்கிற டாக்டர் என்ற நினைப்பில் பலர் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பெண் யூராலஜிஸ்ட் வேண்டுமென்றால் பெரும்பாலும் பெருநகரம்தான். மகப்பேறு மருத்துவரிடம் தொடங்குவதும் தப்பில்லை. குழந்தைகளுக்கு, முக்கியமாக விதை இறங்காத ஆண் குழந்தைக்கு, குழந்தைகள் அறுவை நிபுணர்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, உங்களுக்குத் தேவையான அதே ஆபரேஷனை அவர் அடிக்கடி செய்கிறாரா? யூராலஜிஸ்ட் எல்லாரும் எல்லாம் செய்வதில்லை. ப்ராஸ்டேட்டை மின்சாரக் கம்பியால் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி.யைப் பெரும்பாலானவர்கள் செய்வார்கள். லேசரால் முழுச் சதையையும் தோண்டி எடுக்கும் ஹோலெப் கை பழக நாளாகும் வேலை, செய்பவர்கள் குறைவு. "மாசத்துக்கு எத்தனை பண்றீங்க டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல டாக்டர் கோபிக்காமல் பதில் சொல்வார்.

இரண்டாவது, ஆபரேஷன் முடிந்த ராத்திரி யார் இருப்பார்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டி.யு.ஆர்.பி. முடிந்து வார்டுக்கு வருபவருக்கு மூன்று வழி டியூப் இருக்கும். ஒரு பக்கம் சலைன் உள்ளே போய்க்கொண்டிருக்கும், மறுபக்கம் இளஞ்சிவப்பாகப் பையில் இறங்கும். நிறம் திடீரென்று கறுத்து, இறங்குவது நின்று, அடிவயிறு உப்பி, மனிதர் துடிக்க ஆரம்பித்தால், ரத்தக்கட்டி டியூபை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய சிரிஞ்சால் சலைனை ஏற்றி இழுத்துக் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். தெரிந்த நர்ஸ் பத்து நிமிஷத்தில் முடிப்பார். தெரியாத இடத்தில் சலைன் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், டாக்டருக்கு போன் மேல் போன் போகும். அதனால் ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே கேளுங்கள்: "ராத்திரி டியூப் அடைச்சா யார் வருவாங்க?"

மூன்றாவது, எத்தனை முறை போக வேண்டும். பார்க்க, டெஸ்ட்டுக்கு, ஆபரேஷனுக்கு, டியூப் எடுக்க, ஸ்டென்ட் (கல் ஆபரேஷனில் உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) எடுக்க, மறுபரிசோதனைக்கு. ஒரு முறை போய்வந்தால் முடிகிற காரியம் யூராலஜியில் குறைவு.

நான்காவது, மொத்தச் செலவு. ஐந்தாவது, "இப்போது வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரா என்பது. 5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ப்ராஸ்டேட்டில் பலருக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரையிலேயே ஓடும். வலியும் காய்ச்சலும் அடைப்பும் இல்லாதபோது முதல் சந்திப்பிலேயே "நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்றால், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

டாக்டரை எடை போட எனக்குப் பிடித்த அளவுகோல், ப்ராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்க எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட். மூத்திரம் அடைத்து டியூப் போட்ட ஒருவருக்கும், மூத்திரத்தில் கிருமி இருப்பவருக்கும் அந்த ரத்த டெஸ்ட்டின் எண் தானாகவே ஏறும். அந்த எண்ணைக் காட்டிப் புற்றுநோய் என்று பயமுறுத்துபவரும் உண்டு. கிருமியை அடக்கி, சில வாரம் பொறுத்து மறுபடி எடுப்போம் என்பவரும் உண்டு. அதேபோல் ப்ராஸ்டேட்டைச் சுருக்கும் டூட்டாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும், அப்போது 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்காமல் ரிப்போர்ட்டைப் படிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

## வழி 1: அரசு மருத்துவமனை

எல்லா ஜி.ஹெச்.சிலும் யூராலஜி கிடையாது. தாலுகா மருத்துவமனையில் தேடிப் பயனில்லை; மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி, கோவை, திருநெல்வேலி போன்ற இடங்களில் தனித் துறையே இருக்கிறது. 2023-இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும் உண்டு.

இங்கே இருக்கும் அனுபவத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மாவட்டம் முழுவதும் சிக்கலான கேஸ் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் இது. ஆபரேஷனைப் பட்டமேற்படிப்பு மாணவர் செய்யலாம், பக்கத்தில் பேராசிரியர் நின்றபடி. பலருக்கு இது பயம். எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் ராத்திரி டியூப் அடைத்தால் வார்டிலேயே யூராலஜி படிக்கும் டாக்டர் ஒருவர் இருப்பார். அந்த வசதி பல தனியார் மருத்துவமனைகளில் இல்லை.

காசு வாங்காவிட்டாலும் நாள் வாங்கும். யூராலஜி ஓ.பி. எல்லா நாளும் இருக்காது, எந்தெந்தக் கிழமை என்று முன்பே கேட்டுக்கொண்டு காலையிலேயே சீட்டுப் போட வேண்டும். அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி தள்ளிப்போகும். அதுவரை டியூபோடு இருக்க வேண்டிய பெரியவருக்குக் கிருமி தொற்றும், டியூபை மாற்ற வேண்டிவரும். கூட இருப்பவரின் கூலி போகும். லேசர் இயந்திரம் பழுது என்று தேதி மாறுவதும் நடக்கும். தினக்கூலிக் குடும்பத்துக்கு இந்த நாள் கணக்கும் ஒரு பில்தான்.

பொருந்துவது: காப்பீடு இல்லாதவர், அவசரமில்லாத ப்ராஸ்டேட், மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே குடியிருப்பவர்.

## வழி 2: உள்ளூர் யூராலஜிஸ்ட்

இதில் இரண்டு வகை உண்டு. ஊரிலேயே குடியிருந்து சொந்த நர்சிங் ஹோம் நடத்துபவர் ஒரு வகை. சனிக்கிழமை மட்டும் நகரத்திலிருந்து வந்து, வரிசையாக ஆபரேஷன் முடித்து, சாயங்காலம் கிளம்பிவிடுபவர் இன்னொரு வகை. பட்டமும் திறமையும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் பார்க்கப்போவது டியூட்டி டாக்டர்தான், அவர் யூராலஜி படித்தவராக இருக்க மாட்டார். கல் ஆபரேஷனுக்குப் பிறகு குளிரும் காய்ச்சலும் வந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கிருமி பரவி ஐ.சி.யு. வரை போகலாம். அதனால் வாரம் ஒரு முறை வருபவரிடம் ஆலோசனை கேளுங்கள், மாத்திரை வாங்குங்கள், ஆபரேஷனுக்கு யோசியுங்கள்.

ஊரில் இருப்பவரின் பலம், அவர் உங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிறவர் என்பதுதான். கல் ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வர நிறைய வாய்ப்பு உண்டு. பழைய ஸ்கேன் கையில், அதே ஆள், ஐந்து நிமிஷத்தில் முடிவு.

பலவீனம் கருவிகள். சின்ன நர்சிங் ஹோமில் லேசர் இயந்திரம் சொந்தமாக இருக்காது. கேஸுக்குக் கேஸ் வாடகைக்கு வரவழைப்பார்கள். அது தவறல்ல, ஆனால் அந்த வாடகை பில்லில் ஏறும். சிறுநீரகத்துக்குள் வளைந்து போகும் கருவியால் செய்யும் ஆர்.ஐ.ஆர்.எஸ்.ஸில் இது இன்னும் அதிகம், கருவியே ஒரு முறை மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் அதன் முழு விலையும் உங்கள் தலையில். சிறுநீரகத்தில் 2 செ.மீ.க்கு மேல் கல் என்றால் முதுகில் சிறு துளை போட்டு எடுக்கும் பி.சி.என்.எல். தான் வழக்கமான வழி; அதற்கு ரத்தம் ஏற்றும் வசதி பக்கத்தில் இருக்க வேண்டும்.

பொருந்துவது: சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாயில் நிற்கும் கல், நடுத்தர ப்ராஸ்டேட், இதயக் கோளாறு இல்லாதவர், அடிக்கடி காட்ட வேண்டியவர்.

## வழி 3: பெருநகரக் கார்ப்பரேட்

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஓடுகிறது, சர்க்கரையும் இருக்கிறது என்றால் கார்ப்பரேட்டுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே இதய மருத்துவரும் யூராலஜிஸ்ட்டும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். மூவரும் ஒரே கட்டடத்தில் இருப்பது பெரிய விஷயம். (யார் சொல்லியும் நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.)

ரோபோ என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். ப்ராஸ்டேட் புற்றுநோயில் சுரப்பியையே அகற்றுவதற்கும், சிறுநீரகக் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதியைக் காப்பாற்றுவதற்கும் ரோபோ உதவும். சாதாரண வீக்கத்துக்கு மூத்திர வழியாகவே போய்ச் செய்துவிடலாம். ரோபோ தேவைப்படுவது அரிது.

பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் என்ன இல்லை என்று கேளுங்கள். லேசர் ஃபைபர், ஸ்டென்ட், திசுப் பரிசோதனை, ஆபரேஷனுக்கு முந்தைய எக்கோ, கூடுதலாக ஒரு நாள் தங்கினால் ஆகும் செலவு, இவை பெரும்பாலும் வெளியே நிற்கும். அறை வகையை உயர்த்தினால் அறை வாடகை மட்டும் ஏறாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணமும் கூடவே ஏறும். பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்து நீங்கள் அதைத் தாண்டினால், டாக்டர், தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்துக்கொண்டுதான் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும்.

இன்னொன்று: பெயரைப் பார்த்துப் போன பெரிய டாக்டர்தான் ஆபரேஷன் செய்வார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நீங்களே பண்ணுவீங்களா?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பொருந்துவது: பல நோய் சேர்ந்த முதியவர், புற்றுநோய் அறுவை, நல்ல காப்பீடு உள்ளவர்.

## வழி 4: வேலூர்

சி.எம்.சி. 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த இடம். "வேலூர்ல காட்டினோம்" என்றால் வீட்டில் வேறு பேச்சு இருக்காது. மூத்திரம் வெளியே வரும் குழாய் சுருங்கி இரண்டு மூன்று முறை விரித்தும் மறுபடி சுருங்கியவர், வேறிடத்தில் ஆபரேஷன் செய்து கசிவு நிற்காதவர், கீமோவா கதிரியக்கமா அறுவையா என்று குழம்பி நிற்பவர், இவர்களுக்கு வேலூர் போவது வீண் போகாது. பேராசிரியர்கள் கூடி விவாதித்து முடிவெடுக்கும் பழக்கம் அங்கே இருக்கிறது.

ஆனால் சின்னக் கல்லுக்கு வேலூர் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிவு, காத்திருப்பு, டெஸ்ட், ரிப்போர்ட், மறுபடி டாக்டர் என்று நாட்கள் ஓடும். லாட்ஜ் வாடகை, இரண்டு பேர் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாள். பிறகு ஸ்டென்ட் எடுக்க இன்னொரு பயணம். பொது ஓ.பி., தனி ஓ.பி. என்று இரண்டு உண்டு. தனியில் மூத்த டாக்டரைப் பார்க்கலாம், கட்டணம் கூட. 2022-இல் ராணிப்பேட்டை அருகே புது வளாகமும் வந்துவிட்டதால், பதிவு செய்யும்போதே எந்த வளாகம் என்று பார்த்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே அறை போடுங்கள்.

போனால் பழைய பயாப்ஸியின் (சதைத் துண்டுப் பரிசோதனை) கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் முதல் மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுபோனால், ஸ்லைடுக்காகத் திரும்ப ஊருக்கு வர வேண்டியிருக்கும்.

## ஒரு பார்வையில்

| | ஜி.ஹெச். | உள்ளூர் | கார்ப்பரேட் | வேலூர் |
|---|---|---|---|---|
| கைக்காசு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம், தங்கும் செலவு தனி |
| ஆபரேஷன் தேதி | தள்ளிப்போகும் | சீக்கிரம் | சீக்கிரம் | காத்திருக்க வேண்டும் |
| ராத்திரி யார் | வார்டில் யூராலஜி மாணவர் | டாக்டர் ஊரிலேயே இருந்தால் அவர் | டியூட்டி டாக்டர், ஐ.சி.யு. உண்டு | வார்டில் யூராலஜி மாணவர் |
| மறுபடி காட்ட | கூட்டம் | எளிது | தூரம் | பெரும் தூரம் |
| மறைந்த செலவு | நாட்கூலி | லேசர் வாடகை | பேக்கேஜுக்கு வெளியே உள்ளவை | லாட்ஜ், பயணம் |

## எல்லா வழியிலும் ஒளிந்திருக்கும் செலவு: ஸ்டென்ட்

கல் ஆபரேஷன் முடிந்ததும் சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரை மெல்லிய டி.ஜே. ஸ்டென்ட் ஒன்றை வைத்து அனுப்புவார்கள். சில வாரம் கழித்து அதை எடுக்க வேண்டும். எடுப்பதற்குத் தனிக் கட்டணம், சில இடங்களில் மறுபடி மயக்க மருந்து. உள்ளே இருக்கும்வரை நடந்தால் உறுத்தும், மூத்திரம் சிவந்து போகும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் முடுக்கும். வலி போய்விட்டதே என்று அதை மறந்தவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் கிடந்தால் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து, அதை எடுப்பதே தனி ஆபரேஷன் ஆகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஸ்டென்ட் உள்ளது, இந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். எடுப்பதற்கு எவ்வளவு என்பதை வைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

காப்பீட்டில் இன்னொரு கண்ணி: பல பாலிசிகளில் கல்லுக்கும் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கும் 2 ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தனியார் மருத்துவமனைகளும் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. யூராலஜிக்கு இருக்கிறதா, உங்கள் ஆபரேஷனுக்கு இருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்ட பிறகு அட்மிட் ஆகுங்கள்.

## பெயர் எங்கிருந்து கிடைக்கும்

கூகுள் நட்சத்திரத்தில் பாதி, பார்க்கிங்கையும் ரிசப்ஷனையும் பற்றியது. இணையத்தில் போன் நம்பர் கொடுத்த மறு நிமிஷம் கூப்பிட்டு "லேசர், வலியே இல்லை, இன்னைக்கே" என்று சொல்லும் இடைத்தரகர்களிடம், சர்ஜன் பெயரையும் பதிவு எண்ணையும் முதலில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். குடும்ப டாக்டரைக் கேட்கலாம். அதைவிட நல்ல ஆள் மயக்க மருந்து டாக்டர். ஊரில் இருக்கும் எல்லா சர்ஜன்களின் கையையும் தியேட்டருக்குள் நின்று பார்ப்பவர் அவர்தான். "உங்க அப்பாவா இருந்தா யார்கிட்ட விடுவீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்வார்.

## ஒப்பிட நேரமில்லாத சமயங்கள்

மூத்திரம் முழுதாக அடைத்துக்கொண்டால், கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால், பையனுக்கு விதையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால், எது பக்கமோ அங்கே ஓடுங்கள். விதை முறுக்கிக்கொண்டதாக இருந்தால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்வது நல்லது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விதையே போய்விடலாம். வலியே இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம் ஒரே ஒரு முறை வந்து நின்றாலும் யூராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும், முக்கியமாக பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள். மூத்திரப்பைப் புற்றுநோய் அப்படித்தான் தலைகாட்டும்.

## முதல் சந்திப்புக்குப் போகும்போது

பழைய ஸ்கேனின் ரிப்போர்ட்டோடு படத்தையும், சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்று இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். ப்ராஸ்டேட் தொல்லை எவ்வளவு என்று அளக்க டாக்டர் கேட்கும் ஏழு கேள்விகளில் அதுவும் ஒன்று. ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடலாம் என்பதை அவராகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள், அப்பா கூச்சப்பட்டால் அவரை மட்டும் உள்ளே விட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். டியூப் இல்லாதவர் என்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போது பாத்ரூம் போய்விட்டு வர வேண்டாம். வயிற்று ஸ்கேனுக்கும், மூத்திரம் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ டெஸ்ட்டுக்கும் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.